ஆட்டிசம், டிஸ்லெக்சியா, ஏ.டி.எச்.டி.: அலுவலகம் எங்கே மாற வேண்டும்?

பிரிட்டன் அரசின் சட்டப் பணித் துறையில் பயிற்சி வழக்கறிஞராகச் சேர 2015-ஆம் ஆண்டு சட்டம் படித்த ஒரு பெண் விண்ணப்பித்தார். அவருக்கு ஆஸ்பெர்ஜர் நிலை இருந்தது. மருத்துவர்கள் இப்போது அதை ஆட்டிசத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். தேர்வின் முதல் கட்டம் இணையவழியில் நடக்கும் சூழ்நிலைத் தேர்வு. அலுவலகத்தில் நேரக்கூடிய ஒரு சிக்கலைச் சொல்லி, கீழே சில வழிகளைக் கொடுத்து, எதைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று கேட்பார்கள். விடையைக் குறியிட்டுக் காட்டுவதற்குப் பதிலாகச் சில வரிகளில் எழுதித் தர அனுமதிக்க வேண்டும் என்று அவர் முன்கூட்டியே கேட்டார். அப்படி ஒரு வழி இல்லை என்று பதில் வந்தது. வேறு வழியின்றி எல்லாரையும் போலவே எழுதினார். 22-க்கு 12 மதிப்பெண். தேர்ச்சிக்குத் தேவை 14.

அவர் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்துக்குப் போனார், வென்றார். துறை மேல்முறையீடு செய்தது. 2017 மார்ச்சில் அங்கும் அவரே வென்றார். அரசு வழக்கறிஞருக்குச் சரியாக முடிவெடுக்கும் திறன் அடிப்படைத் தேவை, அதைத்தான் இந்தத் தேர்வு அளக்கிறது என்பது துறையின் வாதம். அளக்க வேண்டிய திறன்தான் என்பதைத் தீர்ப்பாயமும் ஒப்புக்கொண்டது. ஆனால் எழுத்து விடையிலும் அதை அளக்க முடியுமே, குறியிட்டுத்தான் காட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க என்ன காரணம் என்ற கேள்விக்குத் துறையிடம் வலுவான பதில் இல்லை. இழப்பீடாகக் கிடைத்தது 860 பவுண்டு. துறை எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும், தேர்வு முறையைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்றும் தீர்ப்பாயம் பரிந்துரைத்தது.

தேர்ச்சி மதிப்பெண்ணைக் குறைக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. வேலையில் சலுகையும் கேட்கவில்லை. விடை எழுதும் வடிவத்தை மட்டும் மாற்றித் தரக் கேட்டார். அது ஏன் அவ்வளவு முக்கியம்? இந்தவகைத் தேர்வில் வரக்கூடிய ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். 'உங்கள் குழுவில் ஒருவர் தொடர்ந்து தாமதமாக வருகிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்? அ) மேலாளரிடம் தெரிவிப்பேன். ஆ) அவரிடம் தனியாகப் பேசுவேன்.' பெரும்பாலோர் படித்த கையோடு 'ஆ' என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். கேள்வி சொல்லாமல் விட்டதை அவர்களுடைய மனம் தானாக இட்டு நிரப்பிக்கொள்கிறது. ஆட்டிசம் உள்ள பலருக்கு அந்த நிரப்பல் தானாக நடப்பதில்லை. எத்தனை நாளாகத் தாமதம்? அவர் எனக்கு மேலே இருப்பவரா, கீழே இருப்பவரா? தாமதத்தால் வேலை ஏதும் கெட்டதா? காரணம் ஏதாவது சொன்னாரா? இவை தெரியாமல் 'அ'வையும் தள்ள முடியாது, 'ஆ'வையும் தள்ள முடியாது. வேடிக்கை என்னவென்றால், ஒரு நல்ல வழக்கறிஞர் கேட்க வேண்டிய கேள்விகளே இவைதான். தேர்வு அவற்றைக் கேட்காமல் தாண்டிப் போகிறவருக்கு மதிப்பெண் கொடுத்தது.

ஆட்டிசம், எழுத்தைப் படிப்பதில் சிரமம் தரும் டிஸ்லெக்சியா, கவனத்தையும் செயலையும் ஒழுங்குபடுத்துவதில் சிக்கல் தரும் ஏ.டி.எச்.டி., உடலசைவுகளை ஒருங்கிணைப்பதில் தடுமாற்றம் தரும் டிஸ்பிராக்சியா, கட்டுப்படுத்த முடியாத அசைவுகளையும் ஒலிகளையும் தரும் டூரெட் போன்றவற்றை இப்போது 'நரம்பியல் பன்மை' என்ற குடையின் கீழ் சேர்த்துப் பேசுகிறார்கள். 1990-களின் இறுதியில், ஆட்டிசம் உள்ளவர்களே இணையத்தில் கூடிப் பேசத் தொடங்கிய காலத்தில் உருவான பார்வை இது. மூளை வேலை செய்யும் விதம் ஆளுக்கு ஆள் மாறும், அதில் சில விதங்களை மட்டும் கோளாறாகவே பார்த்துப் பழகிவிட்டோம் என்பது அதன் சாரம். இதில் வாதத்துக்கு இடமுண்டு. பேச்சே வராத, நாள் முழுவதும் துணை தேவைப்படும் பிள்ளையின் பெற்றோருக்கு 'இதுவும் ஒரு விதம்தான்' என்ற பேச்சு எரிச்சலைத் தரலாம். அந்த எரிச்சல் நியாயமானது. இந்தக் கட்டுரை, வேலைக்குப் போகக்கூடியவர்கள், ஏற்கெனவே போய்க்கொண்டிருப்பவர்களைப் பற்றியது. அவர்களுடைய நிலைமையும் நன்றாக இல்லை. பிரிட்டனின் முன்னாள் நீதித் துறை அமைச்சர் ராபர்ட் பக்லண்ட் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கையின்படி, அங்கே வேலை செய்யும் வயதிலுள்ள ஆட்டிசம் கொண்டவர்களில் ஏறக்குறைய 10 பேரில் 3 பேருக்கே வேலை இருக்கிறது.

வாசலில் நடக்கும் வடிகட்டல்

அமெரிக்க ஆய்வாளர் நோவா சாசனும் குழுவினரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை மனிதவளத் துறையினர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் பேசிய சிறு பதிவுகளைப் பார்வையாளர்களுக்குக் காட்டி, இவரோடு பழக விருப்பமா என்று கேட்டார்கள். சில விநாடிகளிலேயே ஆட்டிசம் உள்ளவர்கள் பின்தள்ளப்பட்டார்கள். அவர்களுக்கு ஆட்டிசம் உண்டு என்பது பார்த்தவர்களுக்குச் சொல்லப்படவில்லை. குரலின் ஏற்ற இறக்கம், கண் பார்க்கும் திசை, உட்கார்ந்திருக்கும் விதம் ஆகியவையே தீர்ப்பு எழுதப் போதுமாக இருந்தன. அதே பேச்சை வெறும் எழுத்தாக்கிப் படிக்கக் கொடுத்தபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. சொன்ன விஷயத்தில் குறையில்லை; சொன்ன விதத்தைப் பார்த்தே ஆளை ஒதுக்கியிருக்கிறார்கள்.

நம் ஊர் பொறியியல் கல்லூரிகளில் நடக்கும் வளாகத் தேர்வை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்துத் தேர்வு முடிந்ததும் குழு விவாதம். பத்துப் பேரை வட்டமாக உட்கார வைத்து ஒரு தலைப்பைக் கொடுப்பார்கள். முதலில் வாயைத் திறப்பவரும், அடுத்தவர் பேச்சில் குறுக்கே பாய்பவரும் தேறுவார்கள். பிறகு மனிதவளச் சுற்று: 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.' எதைப் பற்றி? பிறந்த ஊரா, படித்த பாடமா, செய்த புராஜெக்டா? இதற்குத் தயாரான விடையை மனப்பாடம் செய்து வைத்திருப்பவர்கள் தப்பிக்கிறார்கள். இப்படித் தேர்ந்தெடுத்தவர்களைக் கொண்டுபோய் ஒரு திரைக்கு முன் உட்கார வைத்து, நாள் முழுவதும் பேசாமல் மென்பொருளில் பிழை தேடச் சொல்கிறார்கள். குழு விவாதத்தில் எதைத் தேடினார்களோ அதற்கும் இந்த வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

டென்மார்க்கில் ஒருவர் கேட்டார். தோர்கில் சோனே தொலைத்தொடர்பு நிறுவனமொன்றில் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்தவர். மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்தபின், அந்த வேலையை விட்டுவிட்டு ஸ்பெஷலிஸ்டர்னே என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். மென்பொருள் சோதனை போன்ற வேலைகளுக்கு ஆட்டிசம் உள்ளவர்களை எடுத்துப் பயிற்சி தந்து அனுப்புவது அதன் தொழில். நேர்காணலுக்குப் பதில் லீகோ ரோபோக்களைக் கொடுத்து, கட்டியமைத்து நிரல் எழுதச் சொன்னார்கள். வாயால் கேட்பதை விட்டுக் கையால் செய்வதைப் பார்ப்பது, அதுவும் சில வாரங்கள் உடனிருந்து பார்ப்பது அவர்களுடைய முறை.

2013-இல் ஜெர்மானிய மென்பொருள் நிறுவனமான எஸ்.ஏ.பி. இந்த முறையைக் கையில் எடுத்தது. அதற்கு முன்னோட்டம் நடந்தது பெங்களூரில். அங்குள்ள எஸ்.ஏ.பி. ஆய்வகத்தில் ஆட்டிசம் உள்ள ஆறு பேர் மென்பொருள் சோதனையாளர்களாகச் சேர்க்கப்பட்டார்கள். அதையடுத்து, 2020-க்குள் உலகம் முழுவதும் தன் ஊழியர்களில் 1 சதவீதம் பேர் ஆட்டிசம் உள்ளவர்களாக இருப்பார்கள் என்று நிறுவனம் அறிவித்தது. அன்றைய கணக்கில் சுமார் 650 பேர். மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட வேறு சில பெரிய நிறுவனங்கள் 2015 வாக்கில் பின்தொடர்ந்தன.

'சூப்பர் மூளை' கதையில் உள்ள சிக்கல்

எஸ்.ஏ.பி. தன் இலக்கில் பாதியைக்கூடத் தொடவில்லை. அதற்காக அந்த முயற்சியை இளப்பமாகப் பேச மாட்டேன். தொடங்காதவர்களுக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் இப்படிப்பட்ட சிறப்புத் திட்டங்கள் எத்தனை பேரைத் தொட்டன என்று பார்த்தால் நூற்றுக்கணக்கில்தான் நிற்கிறது. அவற்றைச் சுற்றி எழுந்த பேச்சோ வானளவு. ஆட்டிசம் உள்ளவர்கள் பிழையே விட மாட்டார்கள், எண்களில் மேதைகள், சலிப்பே தெரியாதவர்கள் என்றெல்லாம் கட்டுரைகள் குவிந்தன. ஒரு நிறுவனம் ஒருவரை எடுப்பதற்கு அவரிடம் ஏதாவது அதிசயம் இருக்க வேண்டும் என்ற எண்ணம் இதற்குள் ஒளிந்திருக்கிறது. மற்றவர்களிடம் யாரும் அதிசயம் கேட்பதில்லை. சுமாராக வேலை பார்த்து, சம்பளம் வாங்கி, ஓய்வு பெறுகிறார்கள். ஆட்டிசம் உள்ளவருக்கு மட்டும் அந்தச் சுமார்த்தனத்துக்கு உரிமை இல்லையா? கணினி பிடிக்காத, தோட்ட வேலையோ நூலக வேலையோ சமையலோ பிடித்த ஆட்டிசம் உள்ளவர்கள் ஏராளம்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இவர்களை அலுவலகங்கள் இனிமேல்தான் வெளியிலிருந்து கூட்டி வர வேண்டும் என்பதில்லை. ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள், சொல்லாமல். சிலருக்குத் தங்கள் நிலை தங்களுக்கே தெரியாது. மகனுக்கோ மகளுக்கோ பரிசோதனை நடக்கும்போது மருத்துவர் கேட்கும் கேள்விகளைக் கேட்டுவிட்டு, 'இதெல்லாம் என் கதையல்லவா' என்று நாற்பது வயதில் திகைக்கும் பெற்றோர் உண்டு. தெரிந்தவர்களும் வாய் திறப்பதில்லை. அலுவலகத்தில் சொன்னது சொந்தக்காரர் காதுக்குப் போகும், தங்கையின் கல்யாணப் பேச்சில் வந்து நிற்கும் என்ற பயம் நம் சமூகத்தில் கற்பனையல்ல. ஆகவே சிறப்புத் திட்டத்தின் வாசலில் பெயர் பதிந்து வருபவர்களைவிட, பெயர் பதியாமல் சிரமப்படுபவர்கள் பல மடங்கு அதிகம். அவர்களுக்கு உதவ வேண்டுமானால் அன்றாட வேலைமுறையைத்தான் திருத்த வேண்டும்.

'கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்'

வெள்ளிக்கிழமை மதியம் மேலாளர் ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்: 'அந்த அறிக்கையைக் கொஞ்சம் பார்த்துவிடுங்கள். அவசரமில்லை, ஆனால் சீக்கிரம் முடிந்தால் நல்லது.' எந்த அறிக்கை? பார்ப்பது என்றால் படிப்பதா, திருத்துவதா, ஒப்புதல் தருவதா? சீக்கிரம் என்றால் இன்று மாலையா, அடுத்த வாரமா? பல ஆண்டுகள் கூட இருந்து பழகியவருக்கு மேலாளரின் மனம் தெரியும். மற்றவர் திரும்பிக் கேட்டால் 'இதுகூடத் தெரியாதா' என்ற முகம் எதிர்ப்படும் என்பதால் ஊகித்துச் செய்வார். ஊகம் தவறினால் ஆண்டு மதிப்பீட்டில் 'தன்முனைப்பு போதாது' என்று ஒரு வரி ஏறும்.

அதே மின்னஞ்சலை இப்படியும் எழுதலாம்: 'மார்ச் மாதச் செலவு அறிக்கையின் மூன்றாம் பக்க அட்டவணையில் கூட்டுத்தொகை சரியா என்று பாருங்கள். மொழிநடையைத் தொட வேண்டாம். செவ்வாய் மாலை 4 மணிக்குள் எனக்கு அனுப்பினால் போதும்.' இதற்குக் கூடுதலாகச் செலவானது ஒரு நிமிடம். ஆட்டிசம் உள்ளவருக்கு இதில் ஊக வேலை இல்லை. ஏ.டி.எச்.டி. உள்ளவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு நாளும் நேரமும் இருக்கிறது. 'எப்போது வேண்டுமானாலும்' என்ற வேலை அவர் கண்ணில் இல்லாத வேலை. டிஸ்லெக்சியா உள்ளவர் முப்பது பக்கத்தையும் எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நேற்று சேர்ந்த புதியவருக்கும் இதுதான் வசதி. யாரும் தன் நிலையை வெளியே சொல்லவும் தேவையில்லை.

பெரும்பாலான ஏற்பாடுகள் இந்தத் தரத்தில்தான் இருக்கின்றன. கூட்டத்தில் பேசப்போவதை முந்தைய நாளே அனுப்புவது. பேசி முடித்ததை எழுத்தில் தருவது. நேர்காணல் கேள்விகளை முன்கூட்டியே கொடுப்பது. நடைபாதையை ஒட்டிய இருக்கையிலிருந்து சுவரோரத்துக்கு மாற்றித் தருவது. காதடைப்பு மாட்டியிருப்பவரை 'திமிர்' என்று பேசாமல் இருப்பது. மினுக்கும் குழல்விளக்கை மாற்றுவது. பலர் கவனிக்கவே செய்யாத அந்த மினுக்கல் சிலருக்கு நாள் முழுதும் தலைவலி. எழுத்தைப் படித்துச் சொல்லும் மென்பொருள், பேசினால் எழுதும் மென்பொருள் இப்போது எல்லாக் கணினியிலும் கைபேசியிலும் இருக்கின்றன. அலுவலகம் அவற்றை முடக்கி வைக்காமல் இருந்தால் போதும். வெள்ளிக்கிழமை மாலை விளையாட்டுகளுக்கு வராதவரை 'குழு உணர்வு இல்லாதவர்' என்று குறிக்காமல் இருப்பதையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பேன். கட்டாயக் கேளிக்கையை விரும்பாதவர்கள் எல்லா வகை மூளையிலும் உண்டு.

செலவைப் பற்றிய பயம் மிகையானது. அமெரிக்கத் தொழிலாளர் துறையின் நிதியில் இயங்கும் ஜாப் அக்காமடேஷன் நெட்வொர்க் என்ற ஆலோசனை மையம், எல்லா வகை மாற்றுத்திறனாளிகளுக்காகவும் முதலாளிகள் செய்துகொடுத்த ஏற்பாடுகளைப் பல ஆண்டுகளாகக் கணக்கெடுத்து வருகிறது. ஏறக்குறைய பாதி ஏற்பாடுகளுக்குச் செலவே ஆகவில்லை. ஒருமுறை செலவு ஆனவற்றில் நடுமதிப்பு சுமார் 300 டாலர்.

பணத்தைவிட உராய்வுதான் உண்மையான சிக்கல், அதை மழுப்பக் கூடாது. ஒருவருக்கு அமைதி வேண்டும். பக்கத்து இருக்கைக்காரர் ஏ.டி.எச்.டி. உள்ளவர், எழுந்து நடந்து வாய்விட்டு யோசித்தால்தான் அவருக்கு வேலை ஓடும். ஒருவருக்கு நேர அட்டவணை மாறக் கூடாது. இன்னொருவருக்கு மாறாத அட்டவணையே மூச்சுமுட்டல். இருவரையும் ஒரே விதியால் திருப்திப்படுத்த முடியாது. இதற்கிடையில் 'அவருக்கு மட்டும் ஏன் வீட்டிலிருந்து வேலை?' என்று மூன்றாமவர் கேட்பார். காரணத்தை மேலாளர் வெளியே சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. இந்த முடிச்சை அவிழ்க்க எனக்குத் தெரிந்து ஒரே வழி, எது யாருக்கு எந்த அடிப்படையில் கிடைக்கும் என்பதை எல்லாருக்கும் பொதுவாக எழுதி வைப்பது. மேலாளரின் தனிப்பட்ட தயவாக இருக்கும்வரை அது பொறாமையைத்தான் வளர்க்கும். அந்த மேலாளர் மாற்றலாகிப் போன மறுநாளே ஏற்பாடும் போய்விடும்.

புரிந்துகொள்ளாமை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதிலும் ஆய்வுலகம் நகர்ந்திருக்கிறது. ஆட்டிசம் உள்ளவருக்குப் பிறரைப் புரியவில்லை என்று மட்டும் சொல்வது பாதி உண்மை, பிறருக்கும் அவரைப் புரியவில்லை என்று பிரிட்டிஷ் சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012-இல் வாதிட்டார். அவருக்கே ஆட்டிசம் உண்டு. 2020-இல் கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் ஒரு கதையை ஒருவர் காதிலிருந்து அடுத்தவர் காதுக்குக் கடத்தும் சோதனையை 72 பேரை வைத்து நடத்தினார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த சங்கிலியில் செய்தி மற்றவர்களின் சங்கிலியில் போனதைப் போலவே நன்றாகப் போனது. இருசாராரும் கலந்த சங்கிலியில் சிதைந்தது. இது மிகவும் புகழ்பெற்ற முடிவு. ஆனால் 300-க்கும் மேற்பட்டோரை வைத்து அதே குழுவினர் 2025-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், கலந்த சங்கிலியிலும் செய்தி சிதையவில்லை. முந்தைய முடிவை மேற்கோள் காட்டும் பயிற்சி வகுப்புகள் இதைச் சொல்ல மறந்துவிடுகின்றன. இரண்டு ஆய்வுகளிலும் மாறாமல் நிற்பது, ஆட்டிசம் உள்ளவர்களுக்குச் செய்தியைச் சரியாகச் சொல்லத் தெரியாது என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்பதுதான்.

சான்றிதழும் சட்டமும்

இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் நிறைவேறி, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் அட்டவணையிலுள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளும் இருக்கின்றன. டிஸ்லெக்சியா இரண்டாவதற்குள் வரும். ஏ.டி.எச்.டி. தனியாகப் பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை. அரசுப் பணி இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாட்டுச் சான்றிதழ் தேவை. இதனால் சான்றிதழ் இல்லாதவருக்குச் சட்டத்தில் எதுவுமே இல்லை என்று பலரும், மனிதவள அலுவலர்கள் உட்பட, நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அது தவறு என்பதை உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் தெளிவாக்கியது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோய் உள்ள ஒருவர் குடிமைப் பணித் தேர்வுக்கு எழுத்தர் துணை கேட்டார். 40 சதவீத வரம்புக்குள் வரவில்லை என்று மறுத்தார்கள். இடஒதுக்கீட்டுக்கான வரம்பை எல்லா உரிமைக்கும் வரம்பாக்க முடியாது, நியாயமான ஏற்பாடுகளைக் கேட்கும் உரிமை அதைவிட அகலமானது என்றது நீதிமன்றம். அந்த ஏற்பாடுகளை மறுப்பதையே பாகுபாடு என்று இச்சட்டம் வரையறுக்கிறது. ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள் வாதாட இதில் கதவு திறந்திருக்கிறது என்பது என் கருத்து. அதே ஆண்டு டிசம்பரில் வந்த இன்னொரு தீர்ப்பு, மனநலக் குறைபாடு உள்ள மத்திய ரிசர்வ் போலீஸ் அதிகாரி ஒருவர் மீதான ஒழுங்கு நடவடிக்கையைப் பற்றியது. நடத்தைக்குக் காரணங்களில் ஒன்று குறைபாடு என்றாலே, நடவடிக்கை பாகுபாடாகக் கருதப்படலாம் என்று நீதிமன்றம் கூறியது.

தனியார் நிறுவனங்களையும் இச்சட்டம் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். 2017-இன் விதிகளின்படி அது இணையதளத்தில், அல்லது வளாகத்தில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் இருக்க வேண்டும். 20 அல்லது அதற்கு மேல் ஊழியர்கள் இருந்தால், தேர்வு முறை, பயிற்சி, பதவி உயர்வு, உதவிக் கருவிகள், சிறப்பு விடுப்பு ஆகியவற்றை அந்தக் கொள்கை சொல்ல வேண்டும். தொடர்பு அலுவலர் ஒருவரையும் நியமிக்க வேண்டும். மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம். அடுத்த தடவையிலிருந்து 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை. பல நிறுவனங்களின் இணையதளத்தில் கொள்கை இருக்கிறது. சாய்தளத்தையும் மின்தூக்கியையும் கழிவறையையும் பற்றி விரிவாகப் பேசிவிட்டு, எழுத்தில் தரும் அறிவுறுத்தலைப் பற்றியோ கேள்வியை முன்கூட்டித் தருவதைப் பற்றியோ ஒரு வரியும் இல்லாமல் முடிந்துவிடுகிறது. உங்கள் நிறுவனத்தின் கொள்கையைத் தேடிப் படித்துவிட்டு, இல்லாத வரியைச் சேர்க்கச் சொல்லித் தொடர்பு அலுவலருக்கு எழுதலாம். அதற்குச் சான்றிதழ் இணைக்க வேண்டியதில்லை. அலுவலரே இல்லையென்று தெரியவந்தால், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடச் சட்டம் வழி வைத்திருக்கிறது.